திருப்புளி ஏன் எகிறுகிறது?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பிடித்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பல வாரங்களுக்கு அந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். மெத்தையும் பீரோவும் வாசலில் கிடக்கும். உள்ளே யாராவது உட்கார்ந்து எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்விட்ச் பாக்ஸ், மோட்டார் ஸ்டார்ட்டர், கிரைண்டர், கதவு.

முடிச்சூரில் என் அத்தை வீட்டுக்குப் பொங்கல் முடிந்து போனபோது படுக்கையறைக் கதவு பாதி திறந்தபடி தரையில் உரசி நின்றது. இழைப்புளி போட்டுக் கீழே கொஞ்சம் இழைத்தால் சரியாகிவிடும். அதற்குக் கதவைக் கழற்ற வேண்டும். மூன்று கீல், நிலைப் பக்கம் கீலுக்கு மூன்று ஸ்க்ரூ, ஆக ஒன்பது. அரை மணி வேலை என்று நினைத்தேன். "ஸ்க்ரூடிரைவர் இருக்கா அத்தை?" என்று கேட்டதற்கு அவர் எடுத்துக் கொடுத்தது கரண்ட் பார்க்கும் டெஸ்டர். "உங்க மாமா எல்லாத்தையும் இதை வச்சுத்தான்டா கழட்டுவார்."

முதல் ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பினேன். முனை எகிறியது. அழுத்தித் திருப்பினேன். மறுபடி எகிறியது. நாலைந்து முறைக்குப் பிறகு பார்த்தால் ஸ்க்ரூ தலையிலிருந்த பள்ளத்தின் விளிம்பு மழுங்கி, ஓரம் தேய்ந்த பழைய நாணயம் மாதிரி ஆகிவிட்டது.

இது நடக்காத வீடு இருக்காது. என்றோ ஒரு தச்சர் கையால் திருகி உள்ளே போட்ட ஸ்க்ரூதானே? அதே மாதிரி ஒரு கையால் ஏன் வெளியே எடுக்க முடியவில்லை? ஸ்க்ரூடிரைவரும் இரும்பு, ஸ்க்ரூவும் இரும்பு. ஏன் ஒன்று மற்றொன்றைத் தின்கிறது?

தமிழில் ஸ்க்ரூடிரைவருக்குத் திருப்புளி என்று அழகான பெயர் உண்டு. திருப்புகிற உளி. இனி அப்படியே சொல்கிறேன்.

ஒரே கை, இரண்டு முனை

முதலில் ஸ்க்ரூவின் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரத்துக்குள் இறுகிக் கிடக்கும் ஸ்க்ரூவின் மரையைச் சுற்றி அந்தத் துரு உப்பிக்கொண்டு ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துவிடும். உள்ளே போனபோது தேவைப்பட்டதைவிட வெளியே எடுக்க அதிக விசை தேவைப்படுவது இதனால்தான்.

இப்போது கையின் பக்கம். ஒரு பொருளை அச்சில் வைத்துத் திருப்பும் திறனுக்கு முறுக்கு விசை என்று பெயர். கொடுக்கும் விசை எவ்வளவு, அதை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிக் கொடுக்கிறோம் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும். அந்தச் சங்கதிதான்.

கைப்பிடியின் குறுக்களவு 30 மில்லிமீட்டர் உள்ள ஒரு திருப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கை அதன் விளிம்பைப் பிடித்துத் திருப்புகிறது. அந்த விளிம்பு அச்சிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருக்கிறது. 20 கிலோ எடை அழுத்தும் அளவுக்குக் கை திருப்புகிறது என்று வைப்போம். இறுக்கிப் பிடித்தால் சாதாரண ஆளுக்கே இது முடியும்.

கீல் ஸ்க்ரூவின் பள்ளம் ஏறக்குறைய 6 மி.மீ. நீளம். அதே 6 மி.மீ. அகலமுள்ள முனையைப் பொருத்தினால், முனையின் இரண்டு ஓரங்களும் அச்சிலிருந்து 3 மி.மீ. தூரத்தில் இருக்கும். 15-க்கும் 3-க்கும் ஐந்து மடங்கு. ஆகவே 20 கிலோ அங்கே 100 கிலோவாக மாறுகிறது. இரண்டு ஓரமும் பங்கிட்டுக்கொள்வதால் ஓரத்துக்கு 50 கிலோ. அரிசி மூட்டை ஒன்று, ஊசி முனை அளவு இடத்தில் உட்காருகிறது.

இதே ஸ்க்ரூவில் 3 மி.மீ. அகலமுள்ள டெஸ்டர் முனையை வையுங்கள். இப்போது ஓரம் அச்சிலிருந்து ஒன்றரை மி.மீ. தூரத்தில்தான். அதே திருப்பலுக்கு ஓரத்துக்கு 100 கிலோ. முனையின் அகலத்தைப் பாதியாக்கினோம், ஸ்க்ரூ தலையின் மேல் விழும் சுமை இரண்டு மடங்காகிவிட்டது. அதைத் தாங்க வேண்டிய உலோகமோ பாதி. சாதாரண ஸ்க்ரூ மென்மையான இரும்பு. அதன் பள்ள விளிம்பு மடங்கிக் கொடுத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பள்ளத்தைவிட மெல்லிய முனை உள்ளே நேராக நிற்பதில்லை. சற்றே திரும்பி, எதிரெதிர் மூலைகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முழுச் சுவர் தாங்க வேண்டிய சுமையை இரண்டு மூலைகள் தாங்குகின்றன.

நல்ல திருப்புளி எது என்று கேட்டால் எஃகைப் பற்றியும் கம்பெனி பெயரைப் பற்றியும்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் முதலில் சொல்வது இந்த அளவுப் பொருத்தத்தைத்தான். விலை உயர்ந்த எஃகில் செய்த தவறான முனை, மலிவான ஸ்க்ரூவை இன்னும் வேகமாகத் தின்னும்.

ஸ்டார் ஸ்க்ரூவின் சாய்ந்த சுவர்

தலையில் சிலுவைப் பள்ளம் வைத்த ஸ்டார் ஸ்க்ரூ வந்த பிறகும் முனை எகிறுவது நிற்கவில்லை. ஈரமான பலாக்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். விரல் அழுத்துவது பக்கவாட்டில். கொட்டை ஓடுவது மேல்நோக்கி. கொட்டையின் பக்கங்கள் சாய்ந்திருப்பதால், பக்கவாட்டு அழுத்தத்தில் ஒரு பங்கு அதை வெளியே தள்ளும் விசையாக மாறிவிடுகிறது. ஸ்டார் பள்ளத்தின் உள்சுவர்களும் இப்படித்தான் கீழே குறுகிச் சாய்ந்திருக்கின்றன. திருப்புகிற விசையில் ஒரு பங்கு முனையை மேலே தள்ளுகிறது. நாம் கீழே அழுத்துவது அதைவிடக் குறைந்தால் முனை ஏறி, அடுத்த பள்ளத்தில் 'டர்ர்' என்று விழுகிறது. மெக்கானிக்குகள் 'எகிறுது' என்று சொல்வதை ஒட்டி, இதை எகிறல் என்றே அழைக்கலாம்.

அப்படியானால் சுவரை ஏன் சாய்த்தார்கள்? அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரின் யோசனையை வாங்கி மேம்படுத்தி 1936-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் எடுத்துக்கொண்டது கேடிலாக் கார் தொழிற்சாலை. வரிசையாக நகர்ந்து வரும் கார்களில் இயந்திரத்தால் ஸ்க்ரூ முடுக்கும்போது, ஃப்ளாட் முனையைப் பள்ளத்தோடு நேராக வைக்கவே நேரம் போய்விடும். வழுக்கினால் பெயிண்டில் கீறல் விழும். சாய்ந்த சுவருள்ள சிலுவைப் பள்ளமோ, ஏறக்குறைய வைத்தாலே முனையைத் தானாக நடுவில் இழுத்து உட்கார வைத்துக்கொள்ளும். புனலுக்குள் போட்ட கோலிக்குண்டு மாதிரி. தொழிற்சாலைக்குக் கிடைத்த அந்த வசதியின் விலையை, வீட்டில் உட்கார்ந்து கழற்றுகிற நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுவர் மிகக் குறைவாகவே சாய்ந்த ஸ்க்ரூ அதற்கு முன்பே இருந்தது. ஃப்ளாட் திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட கனடாக்காரர் பீட்டர் ராபர்ட்சன் 1908-இல் சதுரப் பள்ளம் வைத்த ஸ்க்ரூவை உருவாக்கினார். கனடாவில் இன்றும் அதுதான் பிரியம். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கேட்டால் கிடைப்பது அரிது.

ஸ்டார் முனைகளுக்கு எண் உண்டு, 0, 1, 2, 3 என்று. வீட்டில் வரும் ஸ்டார் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை 2-ஆம் எண். ஸ்விட்ச், ரிமோட், பொம்மை போன்ற சிறியவற்றுக்கு 1. சற்றே சின்ன முனையும் உள்ளே போய்விடும், திருப்பவும் செய்யும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஆழம் வரை உட்காராமல் மேல் விளிம்பில் மட்டும் கடித்துக்கொண்டு சுற்றும் முனைதான் ஸ்டார் தலையைக் கிண்ணமாக்குகிறது.

ஸ்டார் தலையில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் அது ஜப்பானிய அளவு. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக்குகளில் பார்க்கலாம். பள்ளத்தின் கோணமும் ஆழமும் சற்று வேறு என்பதால் நம் சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக இறங்காது. கழற்றும்போது ஏழு பங்கு அழுத்து, மூன்று பங்கு திருப்பு என்று ஜப்பானிய மெக்கானிக்குகள் சொல்லிக் கொடுப்பது எகிறலுக்கான மருந்துதான். எந்த ஸ்டாருக்கும் அது பொருந்தும்.

பல்லாவரம் கல்லும் காலை நேர ரயிலும்

முனை சரியான அளவில் இருந்தாலும், நாலு தடவை பயன்படுத்தியதும் அதன் ஓரம் மழுங்கினால் பொருத்தம் போய்விடும். இங்கேதான் எஃகு வருகிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு கல்லைப் பார்ப்போம்.

பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கருங்கல்லைப் புவியியலாளர்கள் உலகமெங்கும் சார்னகைட் என்கிறார்கள். 1690-களில் கல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை. அதை வைத்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இட்ட பெயர். அந்தக் கல்லில் ஆணியால் கோடு போட்டுப் பாருங்கள், கல்லுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் சுத்தியலால் சரியான இடத்தில் போட்டால் பிளக்கும். அதனால்தான் அந்தக் குன்றுகள் ஜல்லியாகிப் போயின. கீறல் விழாமல் நிற்பது கடினத்தன்மை. அடிக்கும் முறுக்கலுக்கும் பிளக்காமல் நிற்பது முறியாத்தன்மை. இரண்டும் வேறு வேறு. திருப்புளி முனைக்கு இரண்டும் வேண்டும்: கல்போலக் கடினமாக மட்டும் இருந்தால் மூலை சிதறும், செம்புக் கம்பிபோல வளைந்து மட்டும் கொடுத்தால் முறுக்கிக்கொள்ளும்.

எஃகில் இந்த இரண்டையும் எப்படிச் சேர்க்கிறார்கள்? எஃகு என்பது இரும்பும் கொஞ்சம் கரியும். பழுக்கக் காய்ச்சும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கரி அணுக்கள் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. அந்த நிலையில் சட்டென்று எண்ணெயில் அமிழ்த்தினால் அடுக்கு பழையபடி மாறப் பார்க்கும்; உள்ளே நுழைந்த கரி அணுக்களுக்கோ வெளியேற நேரம் இருக்காது. காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பும் பீச் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது, யாரும் ஓரடி நகர முடியாது. எஃகு வளைவதென்றால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இடையில் இப்படி நெருக்கியடித்து நிற்கும் கரி அணுக்கள் அதற்கு விடுவதில்லை. எஃகு கடினமாகிவிட்டது. அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் இதைத் துவைச்சல் என்பார்கள்.

ஆனால் இவ்வளவு நெரிசலில் எஃகு கண்ணாடி மாதிரி உடையும். ஆகவே இரண்டாவது முறை இளஞ்சூடு காட்டுவார்கள். சானடோரியத்தில் கொஞ்சம் பேர், குரோம்பேட்டையில் கொஞ்சம் பேர் இறங்குவது மாதிரி, சில கரி அணுக்கள் அடுக்கை விட்டு விலகித் தனிப் பொடித் துகள்களாகச் சேர்ந்துகொள்ள, நெரிசல் தளர்கிறது. இதுதான் பதம். பளபளப்பாகத் தேய்த்த எஃகைச் சூடாக்கினால் 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள் படரும், 300 டிகிரி வாக்கில் நீலமாகும். கத்திக்கு மஞ்சள் பதம், திருப்புளிக்கும் சுருள்வில்லுக்கும் நீலப் பதம் என்பது பழைய பட்டறைக் கணக்கு. கத்திக்குக் கூர்மை நிற்க வேண்டும். திருப்புளி முறுக்கலைத் தாங்க வேண்டும்.

திருப்புளித் தண்டில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பார்கள். எஃகில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் குரோமியம் சேர்த்தால் துவைச்சல் தோலோடு நிற்காமல் உள்ளே ஆழம் வரை பிடிக்கும். வனேடியம் அதைவிட மிகக் குறைவு. எஃகுக்குள் இருக்கும் படிக மணிகள் பெருத்துப் போகாமல் பொடியாகவே இருக்கச் செய்யும். பொடி மணியுள்ள எஃகு எளிதில் முறியாது. ஹென்றி ஃபோர்டு 1908-இல் தன் மாடல் டி காருக்கு வனேடியம் எஃகைத் தேர்ந்தது இதற்காகத்தான். நம் குரோம்பேட்டையின் பெயரிலும் இதே குரோமியம்தான் இருக்கிறது. அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனி குரோமிய உப்பால் தோல் பதனிட்டதால் வந்த பெயர் அது. தோலுக்கும் பதம், எஃகுக்கும் பதம். இரண்டிலும் ஒரே தனிமம் வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் ஒன்று. தண்டில் பொறித்த எழுத்து எஃகின் சேர்மானத்தைச் சொல்லும், பதத்தைச் சொல்லாது. ஒரே மாவில் ஒருவர் நல்ல தோசையும் இன்னொருவர் ரப்பரும் சுடுவார்கள் அல்லவா? அதேதான். வைரக் கூம்பை அழுத்தி அளக்கும் ராக்வெல் அளவில் நல்ல திருப்புளி முனைகள் 52 முதல் 60 வரை இருக்கும். அந்த எண்ணை அட்டையில் போடும் கம்பெனியை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

ஒரு சதவீதக் குரோமியம் துருவைத் தடுக்காது. அதற்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதனால்தான் தண்டுக்கு நிக்கல், குரோம் பூச்சு. கிழக்கே கடல் இருக்கும் நம் பகுதியில் பூச்சு உரிந்த இடம் ஒரு மழைக்காலத்தில் பழுப்பாகிவிடும். முனை மட்டும் பூச்சில்லாமல் கறுப்பாக இருந்தால் அது குறையன்று. பூச்சின் கனம் முனையின் அளவைக் கெடுக்காமல் இருக்க அப்படி விடுகிறார்கள். துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் (தேங்காய் எண்ணெய் அல்ல) தடவி வைத்தால் போதும்.

கைப்பிடி

மேலே போட்ட கணக்கில் கைப்பிடி 30 மி.மீ. என்று வைத்தோம். டெஸ்டரின் கைப்பிடி அதில் பாதிகூட இருக்காது. அதே 20 கிலோ விசையைக் கொடுத்தாலும் முறுக்கு விசை பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். கையிலிருந்து கிடைப்பது பாதி, அதையும் ஸ்க்ரூ தலையின் நடுவில் கொண்டுபோய்க் குவிக்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

டெஸ்டரை இப்படிப் பயன்படுத்துவதில் இதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு. அதற்குள் ஒரு நியான் விளக்கும், பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு மின்தடையும் இருக்கின்றன. 230 வோல்ட் கம்பியைத் தொட்டாலும் உங்கள் உடல் வழியாக மில்லி ஆம்பியரில் கால் பங்குகூட ஓடாமல் பார்த்துக்கொள்வது அந்த மின்தடைதான். கீலை நெம்பி, டப்பா மூடியைத் திறந்து, முறுக்கி வளைத்த டெஸ்டரில் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. மறுநாள் அதையே பிளக் பாயின்ட்டில் நுழைப்போம். தயவுசெய்து டெஸ்டரை டெஸ்டராக மட்டும் வைத்திருங்கள். மின்சார வேலைக்குத் திருப்புளி வாங்கினால், இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் கைப்பிடியில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டும் முனைக்குப் பக்கம் வரை உறை போட்டிருக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் கைப்பிடி அந்த உறுதியைத் தருவதில்லை.

பழைய டூல் பாக்ஸைத் திறந்ததும் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடித்திருக்கிறதா? எலி செத்துவிட்டதோ என்று தேடியிருப்பீர்கள். கண்ணாடிபோல் தெரியும் மஞ்சள், பச்சைக் கைப்பிடிகள் பலவும் பஞ்சு, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸை அமிலத்தோடு சேர்த்துச் செய்தவை. ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த அமிலம் மெல்ல விடுபடும். சிலவற்றில் வருவது வெண்ணெய் கெடும்போது வரும் அதே அமிலம். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காற்றோட்டமாக வைத்தால் நாற்றம் அடங்கும். கைப்பிடிக்கு வலு குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. விரிசல் இருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

கண்ணாடி மேசையில் உருட்டு

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து இரண்டு ஸ்க்ரூக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கமோ பாரிமுனையோ, எங்கே வாங்கினாலும் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். முனையில் ஸ்க்ரூவை மாட்டித் திருப்புளியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். காந்தம் இல்லாமலேயே ஸ்க்ரூ விழாமல் நின்றால் பொருத்தம் நல்லது. காந்த முனையில் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கே ஸ்க்ரூவை ஆட்டிப் பார்த்து, லொடலொடக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பிறகு தண்டை மேசைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். கைப்பிடி மேசைக்கு வெளியே இருக்கட்டும். முனை வட்டமடித்து ஆடினால் தண்டு கோணல். ஃப்ளாட் முனையைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனியில் இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும். ஆப்புபோல் நுனி வரை குறுகினால் ஸ்டாருக்குச் சொன்ன அதே எகிறல் ஃப்ளாட்டிலும் வரும்.

தண்டை உருவி முன்பின்னாக மாட்டும் டூ இன் ஒன் வகை எங்கும் விற்கிறது. அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் நாளடைவில் தண்டு கைப்பிடிக்குள் ஆட ஆரம்பிக்கும். பொருத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அந்த ஆட்டத்தை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. முப்பத்திரண்டு முனைகள் அடங்கிய பெட்டியைவிட நான்கு தனித் திருப்புளிகள் எனக்குப் போதும்: ஸ்டாரில் 1, 2, ஃப்ளாட்டில் 3 மி.மீ., 6 மி.மீ. நாசிக்கில் தயாராகும் டபாரியா மாதிரி, பட்டறைக்காரர்கள் கையில் அன்றாடம் பார்க்கிற பெயராக இருந்தால் நல்லது.

ஒன்பதாவது ஸ்க்ரூ

அத்தை வீட்டுக்கு மறுநாள் 6 மி.மீ. ஃப்ளாட் திருப்புளியோடு போனேன். தண்டு முழுதும் கைப்பிடியின் பின்பக்கம் வரை ஓடுகிற, அடி தாங்கும் வகை. இரவே எல்லா ஸ்க்ரூவுக்கும் எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். பள்ளத்தில் இருந்த பெயிண்டையும் துருவையும் ஊசியால் சுரண்டி எடுத்து, முனை அடிவரை உட்காரும்படி வைத்து, பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த அதிர்வில் துருவின் பிடி விரிசல் விடும். பிறகு கழற்றும் பக்கம் போகாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு இடப்பக்கம் திருப்ப, பழுப்புப் பொடியை உதிர்த்துக்கொண்டு ஸ்க்ரூ மேலே வந்தது.

எட்டு அப்படியே வந்தன. டெஸ்டரால் நான் கெடுத்த ஒன்று மட்டும் வரவில்லை. ஹேக்ஸா பிளேடின் முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, பழைய பள்ளத்தையே இன்னும் ஆழமாக அறுத்தேன். கீல் தகட்டிலும் கொஞ்சம் கீறல் விழுந்தது. புதுப் பள்ளத்தில் திருப்புளியைத் தட்டி இறக்கி, முழு எடையையும் அதன் மேல் சாய்த்துத் திருப்பியதில் அதுவும் அசைந்தது. கதவை இழைத்து மாட்டும்போது பழைய ஒன்பதையும் ஒதுக்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டேன். ஸ்டார் தலை, 2-ஆம் எண். அந்த எண்ணை அத்தை கதவின் மேல் விளிம்பில் பென்சிலால் எழுதச் சொன்னார்.